கழுத்தில் 'டக்'கென்று ஒரு சத்தம்: கைரோபிராக்டிக் வலியைத் தீர்க்குமா?

ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். முதுகில் ஓர் அழுத்து, 'டக் டக்'. பிறகு கழுத்தைப் பிடித்து ஒரே திருப்பு. அந்தச் சத்தம்தான் விளம்பரமே. சென்னை ஓ.எம்.ஆரிலோ, கொச்சியில் களமசேரி பக்கம் ரூம் எடுத்து காக்கநாடு இன்ஃபோபார்க்கிலோ வேலை பார்ப்பவர் என்றால், நாள் முழுக்க லேப்டாப் முன் குனிந்த பிறகு 'ஒரு தடவை போய்ப் பார்க்கலாமா?' என்று தோன்றும். போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கிருந்து வந்தது?

1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலம் டேவன்போர்ட்டில் டி.டி. பால்மர் தொடங்கியது. காது கேட்காத ஒருவரின் முதுகெலும்பைச் சரிசெய்து கேட்க வைத்ததாக அவர் சொன்னார். முள்ளெலும்பு விலகுவதுதான் பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவர் வாதம். ஆனால் கேட்கும் நரம்பு உட்காதிலிருந்து நேராக மூளைக்குப் போகிறது. முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை.

அந்தச் சத்தம் என்ன?

எலும்பு 'இடத்தில் உட்காரும்' சத்தம் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உருவாகும்போது வருவது. 2015-இல் விரல் மூட்டை இழுத்து, எம்.ஆர்.ஐ. மூலம் கனடா ஆய்வாளர்கள் இதைப் படம்பிடித்தார்கள். நாம் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் இதுதான். சத்தம் வந்தால் குணமாயிற்று என்று அர்த்தமில்லை.

சரி, வேலை செய்யுமா?

கீழ்முதுகு வலிக்கு, ஓரளவுக்கு. 2017-இல் 'ஜாமா' இதழில் வந்த ஆய்வு, புதிதாக வந்த முதுகுவலி பற்றிய 26 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. 100 புள்ளி வலி அளவுகோலில் சராசரியாகக் கிடைத்த கூடுதல் நிவாரணம் சுமார் 10 புள்ளி. நாள்பட்ட வலிக்கு 2011-இல் வந்த காக்ரேன் தொகுப்பு (26 சோதனைகள், 6,070 பேர்) உடற்பயிற்சி, பிசியோதெரபி போன்றவற்றைவிடப் பெரிய நன்மை எதையும் காணவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் சிகிச்சையும் இருக்கிறது; பல வழிகளில் ஒன்றாக, உடற்பயிற்சியோடும் நோய் பற்றிய விளக்கத்தோடும் சேர்த்து. ஆஸ்துமா, தைராய்டு, குழந்தையின்மை எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

கழுத்து மட்டும் ஏன் தனிக் கதை?

மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள், கழுத்து முள்ளெலும்புகளின் துளைகள் வழியாக ஏறுகின்றன. வேகமாகத் திருப்பும்போது உட்சுவர் கிழிந்தால் ரத்தம் கட்டி, பக்கவாதம் வரலாம். 2024-இல் கர்நாடகத்தின் பல்லாரியில், சலூனில் ஹெட் மசாஜின்போது கழுத்தைத் திருப்பியதில் 30 வயது இளைஞருக்குக் கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்தது.

இது எவ்வளவு அபூர்வம்? கனடாவின் ஒன்டாரியோவில் 2008-இல் வெளியான ஆய்வு, 10 கோடி 'மனித ஆண்டு' தரவுகளில், மூளையின் பின்பகுதித் தமனி சார்ந்த 818 பக்கவாதங்களைக் கண்டது. இளையவர்களில், கைரோபிராக்டரைப் பார்த்தவர்களிடம் தெரிந்த அதே தொடர்பு, குடும்ப மருத்துவரைப் பார்த்தவர்களிடமும் தெரிந்தது. காரணம், தமனி கிழிந்தாலே கழுத்துவலி வரும். அந்த வலியோடுதான் பலர் சிகிச்சைக்கே போகிறார்கள்.

இது ஆறுதல் மாதிரித் தெரியும். திருப்பிப் பாருங்கள்: ஏற்கெனவே கிழிந்த தமனியோடு வரும் ஒருவரை 'சாதாரண கழுத்துப் பிடிப்பு' என்று நினைத்துத் திருப்பிவிட்டால்? அதைப் பிரித்தறியத்தான் பயிற்சி வேண்டும். கழுத்துத் தமனிக் கிழிசல், இளையவர்களுக்கு வரும் பக்கவாதத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. இந்தத் தொடர்பை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கிறது அமெரிக்க இதயச் சங்கத்தின் 2014 அறிக்கை.

இந்தியாவில் யார் கண்காணிக்கிறார்கள்?

பிரிட்டனில் 1994-இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது; பதிவு இல்லாமல் 'கைரோபிராக்டர்' என்று சொல்லிக்கொள்ள முடியாது. அடிப்படைப் பயிற்சிக்குக் குறைந்தது 4,200 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-இலேயே சொன்னது.

இங்கே 2021-ஆம் ஆண்டின் தேசிய துணை சுகாதாரத் தொழில்கள் சட்டம் 10 பிரிவுகளை வைத்திருக்கிறது. பிசியோதெரபிக்குத் தனிப் பிரிவு உண்டு; கைரோபிராக்டிக்கிற்கு இல்லை. மர்ம சிகிச்சையோ வர்மமோ செய்யும் ஆயுர்வேத, சித்த மருத்துவருக்குக்கூடப் பதிவு எண் இருக்கிறது. 4,200 மணி நேரம் படித்தவரும், வார இறுதி வகுப்புக்குப் போய்வந்தவரும் ஒரே போர்டை மாட்டலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வேலை உங்கள் தலையில்.

அப்போ என்ன செய்யலாம்?

• முதலில் மருத்துவரைப் பாருங்கள். களமசேரியில் இருப்பவர்களுக்கு அங்கேயே எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

• சிகிச்சை தருபவரிடம் இரண்டு கேள்வி: என்ன பட்டம், எந்தக் கவுன்சிலில் பதிவு எண்? பதில் மழுப்பலாக வந்தால் வேண்டாம்.

• 'கழுத்தை வேகமாகத் திருப்ப வேண்டாம்' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. சலூனிலும் இதேதான்.

• இதுவரை வராத மாதிரி திடீர் கழுத்துவலி, தலைவலி இருந்தாலோ, காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ, எந்த 'அட்ஜஸ்ட்மென்ட்'டும் கூடாது.

• திருப்பிய பிறகு தலைசுற்றல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகம் மரத்துப்போதல்: உடனே 108. தூங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு இருக்கும் அவகாசம் நாலரை மணி நேரம்தான்.