கண் திறந்த கல்

கிள்ளானில் ஒரு குடமுழுக்குக்கு முந்தைய நாள். திரைக்குள் ஸ்தபதி தங்க ஊசியால் அம்மன் சிலையின் கருவிழியைக் கீறினார். திரை விலகியதும் அம்மன் எதிரில் முதலில் கண்ணாடி, பிறகு பசுவும் கன்றும். காலையில் அதே சிலையைக் கயிறு கட்டி இழுத்தவர்கள், மாலையில் கைகூப்பி ஒதுங்கி நின்றார்கள்.

பசிபிக் நடுவே, சிலி நாட்டின் ஆட்சியிலுள்ள ராப்பா நூயி தீவிலும் (பள்ளியில் நாம் படித்த ஈஸ்டர் தீவு) இதே சங்கதிதான். அங்குள்ள முன்னோர் சிலைகளுக்கு மோவாய் என்று பெயர். நம் மோவாய் வேறு. ஆனால் அந்த நீண்ட முகவாய்க்கட்டையைப் பார்த்தால் பெயர் பொருந்தத்தான் செய்கிறது. ரானோ ராராக்கு எரிமலைச் சரிவில் செதுக்கிய சிலைகள், 'ஆகு' மேடையில் ஊரைப் பார்த்து நின்ற பிறகே கண் பெற்றன. வெள்ளைப் பவளத்தில் விழி, சிவந்த எரிமலைக் கல்லில் மணி. 1978இல் அனகேனாவில் ஒரு கண் துண்டுதுண்டாகக் கிடைத்த பிறகுதான் ஆய்வாளர்களுக்கே இது உறுதிப்பட்டது. தீவினர் சொல் 'அரிங்கா ஓரா': உயிருள்ள முகம்.

தீவின் இன்னொரு பெயர் 'மாத்தா கி தே ராங்கி', வானம் பார்க்கும் கண்கள். மலாய் தெரிந்த நமக்கு இதில் பாதி புரிந்துவிடும்: மாத்தா கண், லாங்கிட் வானம். மலாயும் தீவின் மொழியும் ஒரே மொழிக்குடும்பம். நெகிரி செம்பிலானின் பெங்காலான் கெம்பாஸில் நிற்கும் நெடுங்கற்களும் மலாய்க்காரர் வாயில் 'பத்து ஹிடுப்', உயிருள்ள கல். பக்கத்திலேயே 1467ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு அகமது மஜ்னுன் கல்லறை. சமயம் மாறியும் கற்களை யாரும் பெயர்த்தெறியவில்லை.

1868இல் பிரிட்டிஷ் கடற்படையின் 'டோபாஸ்' கப்பல் ஓரோங்கோவிலிருந்து ஒரு மோவாயைப் பெயர்த்துக்கொண்டு போனது. 2.42 மீட்டர் உயரக் கருங்கல், எடை சுமார் 4 டன், முதுகில் பறவை மனிதர்கள். பெயர் ஹோவா ஹக்கானனாயா. 'திருடப்பட்ட நண்பன்' என்றும் பொருள் சொல்கிறார்கள். விக்டோரியா அரசி அதை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 2018இல் தீவினர் லண்டனுக்கே போய்க் கேட்டார்கள். பதிலுக்குப் புதுச்சிலை செதுக்கித் தரவும் முன்வந்தார்கள். அருங்காட்சியகப் பொருள்களைக் கைமாற்ற விடாத 1963ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது.

லண்டனில் இருந்தால் உலகமே பார்க்குமே என்பது அருங்காட்சியகங்களின் பழைய வாதம். பிரிக்பீல்ட்ஸில் கோயிலுக்குப் போகிற பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். நாம் சாமியைப் பார்ப்பது பாதிதான், சாமி நம்மைப் பார்க்க வேண்டாமா என்பார். கோயில் திருப்பணிக்குக்கூடப் பாலாலயம் செய்து, கலையை இறக்கிவிட்டுத்தான் நாம் சிலை மேல் கை வைக்கிறோம். டோபாஸ் மாலுமிகள் யாரிடம் உத்தரவு கேட்டார்கள்?

இங்கிலாந்துக்கு இது புதிய பாடமும் அல்ல. இடிந்து கிடந்த பத்தூர் கோயிலையே வழக்காடும் உரிமையுள்ளதாக ஏற்று, அங்கிருந்து திருடுபோன நடராசர் சிலையைத் தமிழகத்துக்குத் திருப்பியது 1991இல் லண்டன் நீதிமன்றம்தான். சிலியின் சாண்டியாகோ அருங்காட்சியகமும் 1870இல் ராப்பா நூயியிலிருந்து வந்த 'மோவாய் தாவு' சிலையை 2022இல் கப்பலேற்றித் தீவுக்கே அனுப்பிவிட்டது. லண்டன் இன்னும் சட்டம் பேசிக்கொண்டிருக்கிறது.