விமானம் ஏறுமுன் கேளுங்கள்

"அக்கா, ஓமானுக்கு வீட்டு வேலைக்குப் போறன். நீங்கள் குவைத்தில இருந்தனீங்கள்தானே, என்னென்ன கொண்டு போகவேணும்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி. "என்ன விசா?" என்றேன். விசிட் விசாவாம். போனபிறகு மாற்றித் தருவாராம் முகவர். கையில் காசும் தருவாராம்.

உடுப்புக் கதை பிறகு என்றேன். இப்படிப் போன எங்கள் நாட்டுப் பெண்கள் பலர் 2022இல் ஓமானில் அகப்பட்டுத் தவித்தார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போனால் அதன் காப்புறுதி கிடையாது. ஐயம் இருந்தால் 1989 என்ற இலக்கத்தில் பணியகத்தையே கேட்கலாம்.

நான் போய் இறங்கிய அன்றே வீட்டுக்காரர் என் கடவுச்சீட்டை வாங்கி வைத்துவிட்டார். அதன் பிரதி என்னிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை. சகோதரிகளே, கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் ஆகியவற்றில் இரண்டிரண்டு பிரதி எடுங்கள். ஒன்று உங்களிடம், மற்றது வீட்டில் இருக்கட்டும். அந்த நாட்டிலுள்ள எங்கள் தூதரகத்தின் இலக்கத்தை மனப்பாடம் செய்யுங்கள். கைத்தொலைபேசியையும் பறிப்பவர்கள் உண்டு.

"கடன்காரர் வாசல்ல நிக்கினம் அக்கா" என்று அழுதாள். அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும். முகவரின் காசை மட்டும் இப்போது வாங்காதே என்றேன். நாளை இருவரும் பணியகத்துக்குப் போகிறோம்.