பழைய வண்டிக்கு மணல் அடிக்கலாமா?

பழைய இரும்பைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்ட காலம் போய், பழைய வண்டியைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டது. சேட்டக், எஸ்டி, புல்லட், 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கென்றே மத்திய அரசு 2021-இல் தனிப் பதிவு விதிகளையும் கொண்டுவந்தது. காரைக்குடிப் பக்கம் கேட்கவே வேண்டாம். பழைய பொருளின் மதிப்பு தெரிந்த ஊர். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பூட்டுக்கும் விலை உண்டு, பழைய பீங்கான் தட்டுக்கும் விலை உண்டு.

நல்ல விஷயம்தான். ஆனால் வண்டியைப் புதுப்பிப்பதில் முதல் வேலை, பழைய பெயிண்டையும் துருவையும் உரித்தெடுப்பது. அங்கேதான் பலரும் யோசிக்காமல் ஒரு வார்த்தை சொல்கிறார்கள்: "மணல் அடிச்சிருங்கண்ணே, சீக்கிரம் முடிஞ்சிரும்." இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானது.

துருவைப் பற்றிப் பேச நம் ஊருக்கு உரிமை கொஞ்சம் அதிகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதாவது நம்ம சிக்ரி, இங்கேதான் இருக்கிறது. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, எப்படித் தடுப்பது என்பது அங்கே ஒரு முழுத் துறை. மண்டபம் கடற்கரையில் உப்புக்காற்று உலோகத்தை என்ன பாடு படுத்துகிறது என்று பார்ப்பதற்கே அவர்களுக்கு ஒரு நிலையம் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் துரு எடுப்பதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாமா?

சரி, விஷயத்துக்கு வருவோம். மணல் அடிப்பது புதிய வித்தை அல்ல. அமெரிக்காவின் பெஞ்சமின் டில்மன் 1870-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அழுத்தக் காற்றில் மணலை வேகமாக அனுப்பினால், ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிச் சுத்தியல் மாதிரி போய் அடிக்கும். பெயிண்ட் உதிரும், துரு உதிரும். உப்புத்தாள் போட்டு ஒரு வாரம் தேய்க்கிற வேலை ஒரு மத்தியானத்தில் முடியும்.

சிக்கல் இரண்டு. ஒன்று வண்டிக்கு, இன்னொன்று மனிதனுக்கு.

முதலில் வண்டி. சேஸிஸ், ஸ்விங் ஆர்ம், வீல் ரிம் எல்லாம் கனமான இரும்பு, அடி தாங்கும். ஆனால் பானெட், கதவு, மட்கார்டு, டேங்க் எல்லாம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தகடு. பாத்திரக்காரர் பித்தளையைத் தட்டத் தட்ட அது விரிவதைப் பார்த்திருப்பீர்கள். தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் லட்சக்கணக்கான குட்டிச் சுத்தியல்கள் அடித்தால் அந்தப் பக்கம் விரியப் பார்க்கும், தகடு நெளிந்துவிடும். பிறகு எவ்வளவு பட்டி பார்த்தாலும் வெயிலில் நிறுத்தினால் அலை அலையாகத் தெரியும். இன்னொன்றும் உண்டு. சேஸிஸ் எண் பொறித்த இடத்தை மூடாமல் அடித்தால் எழுத்து மழுங்கிவிடும். அப்புறம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் யாரிடம் போய் அழுவது?

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. ஆற்று மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா. வேகமாக மோதும்போது அது உடைந்து கண்ணுக்கே தெரியாத தூளாகிறது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், இந்தத் தூளில் 5 மைக்ரானுக்கும் குறைவானது ஏராளம். அது நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்து தழும்பாகிவிடும். இதற்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். ஒருமுறை வந்த தழும்பை ஆற்றும் மருந்து இல்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்கிறார்கள். அந்தத் துண்டின் இழைகளுக்கு நடுவே இந்தத் தூள் மாட்டுவண்டியே ஓட்டிக்கொண்டு போகும்!

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. பிரிட்டன் 1949-லேயே விதிமுறை போட்டு, வார்ப்பு இரும்பைச் சுத்தம் செய்ய மணல் அடிப்பதைத் தடை செய்தது. நாம் ஆசையாகப் போடுகிற வெளுத்த ஜீன்ஸும் இதில் சேர்த்தி. துருக்கியில் ஜீன்ஸுக்கு மணல் அடித்த இளைஞர்கள் பலர் சிலிக்கோசிஸ் வந்து இறந்ததால், 2009-இல் அந்த நாடு அந்த வேலைக்கே தடை போட்டது. இந்தியாவிலும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக வைத்தது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடமென்றால் குறைந்தது 10 பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. முதலாளி, ஒரு டிங்கர், ஒரு கையாள் என்று மூன்று பேர் இருக்கும் பட்டறை எந்தக் கணக்கில் வரும்? அந்த மூன்று பேரில் மணல் குழாயைப் பிடிப்பது பெரும்பாலும் வயதில் சின்னவர்தான்.

கூடவே பழைய பெயிண்ட். அந்தக் காலத்து செவ்வீய பிரைமரிலும் சில மஞ்சள், ஆரஞ்சு நிறங்களிலும் ஈயம் உண்டு. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. நம் வண்டிகள் அதற்கெல்லாம் முந்தியவை. அடிக்கும்போது அந்த ஈயமும் சேர்ந்துதான் பறக்கிறது.

அப்படியானால் என்ன செய்வது? என் கருத்து இதுதான். வண்டி முழுவதற்கும் ஒரே முறை என்பதே தப்பு. பாகத்தைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கனமான பாகங்களுக்கு கார்னெட். நம் தென்கடற்கரை மணலில் சிவப்பாகத் தெரிகிறதே, அதேதான். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனமே கடற்கரை மணலிலிருந்து இதைப் பிரித்தெடுக்கிறது. கடினத்தில் குவார்ட்ஸுக்குச் சளைத்ததில்லை, ஆனால் தனிப் படிக சிலிக்கா மிகக் குறைவு. சலித்து மறுபடியும் சில முறை பயன்படுத்தலாம்.

மெல்லிய தகட்டுக்கு சமையல் சோடா. சிரிக்காதீர்கள் :-) 1986-இல் முடிந்த சுதந்திர தேவி சிலையின் புதுப்பிப்பில், 2.4 மில்லிமீட்டர் செப்புத் தகட்டின் உட்புறம் ஒட்டியிருந்த தாரை எடுக்க இதைத்தான் அடித்தார்கள். மோ அளவில் கடினம் வெறும் 2.5 என்பதால் தகட்டை நெளிக்காது. ஆனால் பெயிண்டைத்தான் எடுக்கும், ஊறிப்போன துருவை எடுக்காது. அடித்தபின் நன்றாகக் கழுவாவிட்டால் புதுப் பெயிண்ட் பிடிக்காமல் உரிந்து வரும். சோடா அடிக்க வசதி இல்லையென்றால் பெயிண்ட் ரிமூவரும் உப்புத்தாளும் போதும். நேரம் ஆகும், தகடு பிழைக்கும். அப்போதும் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். தூசி பறக்காது.

நட்டு, பிராக்கெட், ஹெட்லைட் வளையம் மாதிரி சின்னச் சாமான்களுக்கு அடிக்கவே வேண்டாம். மின்வேதியியல் ஊர்க்காரர்கள் நாம்! பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் சலவை சோடா கரைத்து, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த சாமானிலும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் மாட்டி, சாமானும் துண்டும் ஒன்றையொன்று தொடாமல் தண்ணீரில் மூழ்கவிட்டால் துரு தானாகக் கழன்றுவிடும். சார்ஜரின் கவ்விகள் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். மூன்று எச்சரிக்கை: நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வரும் என்பதால் காற்றோட்டமான இடமாக இருக்கட்டும், பக்கத்தில் பீடி கூடாது. ஸ்பிரிங்கையும் அதிக வலிமையுள்ள போல்ட்டையும் போடாதீர்கள், ஹைட்ரஜன் புகுந்து நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

எந்த முறையானாலும் துரு எடுத்த இரும்பு பச்சைப் பிள்ளை மாதிரி. இரவு பனியில் விட்டால் காலையில் மறுபடி பழுப்புப் பூத்திருக்கும். அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

"மணல் கைக்குப் பக்கத்தில் கிடைக்கிறது. கார்னெட்டுக்கும், வெளியிலிருந்து காற்று வரும் தலைக்கவசத்துக்கும் பட்டறைக்காரர் எங்கே போவார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் வண்டி யாருடையது? ஒரிஜினல் ஹாரனுக்காக ஊர் ஊராக அலைந்து, கேட்ட விலையைக் கொடுக்கும் நமக்கு, இந்தச் செலவு மட்டும் கசப்பானேன்? பட்டறைக்காரர் தன் கையிலிருந்து போட வேண்டிய காசு அல்ல அது. வண்டிக்காரர் கொடுக்க வேண்டியது. கேட்டால்தான் அவரும் வாங்கி வைப்பார்.

ஆகவே அடுத்த முறை வண்டியை விடும்போது, எவ்வளவு ஆகும், எப்போது கிடைக்கும் என்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். எதை அடிக்கிறீர்கள்? அடிப்பவர் முகத்தில் என்ன மாட்டியிருப்பார்? முதல் கேள்விக்கு "மணல்" என்றோ, இரண்டாவதற்கு "துண்டு" என்றோ பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். அறுபது வருடம் காத்திருந்த துரு இன்னும் இரண்டு மாதம் காத்திருக்கும்.