பத்திரம் பார்க்க யாருடைய வக்கீல்?

கேள்வி: மேலகரத்தில் பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது. மாடு விற்ற பணத்தை அட்வான்ஸாகக் கொடுக்கப் போகிறோம். ‘என் வக்கீலே எல்லாம் பார்த்துக்கொள்வார்’ என்கிறார் புரோக்கர். நாங்கள் தனியாக வக்கீல் வைக்க வேண்டுமா?
- வாசகி, இலஞ்சி

பதில்: கண்டிப்பாக வையுங்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே. கிரயம் முடிந்தால்தான் புரோக்கருக்குக் கமிஷன். அவர் கூட்டிவரும் வக்கீல் ‘இந்த வீடு வேண்டாம்’ என்று சொல்வது சிரமம். ஆவண எழுத்தர் பத்திரம் எழுதித் தருவார். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது அவர் வேலையல்ல.

தென்காசி நீதிமன்றத்தில் சொத்து வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். கட்டணத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, வாரிசுச் சான்று ஆகியவற்றைக் கொடுத்து, சட்டக் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். அசல் பத்திரத்தை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

வில்லங்கச் சான்றை பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். ஆனால், பதிவு செய்யாத உயிலும் வாய்மொழிப் பாகமும் அதில் வராது.

முக்கியமாக, பாகம் பிரியாத பூர்வீக வீடு என்றால், 2005 சட்டத் திருத்தப்படி மகள்களுக்கும் சம பங்கு உண்டு. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டால், கட்டிக்கொடுத்த அக்கா நாளை வழக்குப் போடலாம். எல்லா வாரிசுகளும் கையெழுத்திடச் சம்மதித்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். அதையும் ஒப்பந்தம் எழுதி, வங்கி வழியாகக் கொடுங்கள்.

முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% தனியாக ஆகும். 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 1.4.2025 முதல் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு. உங்கள் பெயரிலேயே வாங்கலாமே!