பாட்டை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடக்கிலும் அதை ஒட்டிய தெற்கு கொலராடோவிலும், 1598-இல் தொடங்கிய ஸ்பானியக் குடியேற்றத்தின் வழிவந்த சிற்றூர்கள் பல உள்ளன. அவற்றில் ஒன்றான அரோயோ ஓண்டோவில் பிறந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஹுவான் பௌதிஸ்தா ராயேல், 1940-இல் வட்டுப் பதிவுக் கருவியோடு ஊர் திரும்பினார். கருவியைக் கொடுத்தது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டார் பாடல் காப்பகம். சொந்த ஊரிலும் செர்ரோ, அலமோசா, மனாசா, அந்தோனிதோ ஆகிய ஊர்களிலும் பக்திப் பாடல், கல்யாணப் பாட்டு, நாடகம், நடன இசை எல்லாவற்றையும் அவர் பதிந்தார். அதே பத்தாண்டில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் ஜான் டொனால்ட் ராப் தொடங்கிய பதிவுகள் மூவாயிரத்தைத் தாண்டின. இவற்றில் பெரும்பகுதியை இன்று இணையத்திலேயே கேட்கலாம் என்பதால், வேலை முடிந்துவிட்டதாக நினைக்கத் தோன்றும். முடியவில்லை. டேப் ரெக்கார்டர் சாமானியர் வீடுகளுக்கு வந்த பிறகு ஊர்க்காரர்களே கல்யாணத்திலும் துக்க வீட்டிலும் கிறிஸ்துமஸ் நாடகத்திலும் பிடித்து வைத்த ஒலிச்சுருள்களும் கேசட்டுகளும் பெரும்பாலும் எந்தக் காப்பகத்தின் கணக்கிலும் வராதவை. அவற்றைப் பொதுப் பணத்தில், தொடக்கம் முதல் கடைசிவரை ஒரு நொடியும் வெட்டாமல் படியெடுக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

ஏன் வெட்டக் கூடாது? ‘என்ட்ரியேகா’ என்ற கல்யாணப் பாட்டைப் பார்த்தாலே விளங்கும். மணமக்களைக் குடும்பங்களும் ஊரும் கூடிப் புது வாழ்க்கைக்கு ஒப்படைக்கும் சடங்கு அது. மணமக்கள் மண்டியிட்டு ஆசி பெற, வயலினும் கிதாரும் துணைவர, பாடகர் அவர்களையும் பெற்றோரையும் ஞானப் பெற்றோரையும் ஒவ்வொருவராக விளித்து நாலடிக் கண்ணிகளை அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவார். மெட்டு ஏறக்குறைய ஒன்றுதான். சொல் வீட்டுக்கு வீடு மாறும். ஒலிப்பதிவுக் கூடத்தில் இதன் மாதிரியைப் பாடிக் காட்டலாம். கல்யாணம் நடந்தால்தான் அசல் பிறக்கும். யாரை முதலில் அழைத்தார், எந்தப் பெயருக்குக் கூட்டம் சிரித்தது, எங்கே வயலின் காத்து நின்றது என்பதெல்லாம் பாட்டுக்கு வெளியே உள்ள இரைச்சல் அல்ல, பாட்டின் உறுப்புகள். ‘அலபாதோ’ இன்னும் வலுவான சான்று. தவக்காலத்திலும் புனித வாரத்திலும் துக்க வீட்டிலும் ‘பெனிதென்தே’ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் சபையினர் பாடும் பாடல் அது. பக்கவாத்தியம் கிடையாது, சில இடங்களில் கண்ணிகளுக்கு நடுவே ‘பீத்தோ’ என்ற குழல் மட்டும் ஒலிக்கும். வரிகளை முன்னோர் நோட்டுகளில் கைப்பட எழுதி வைத்தார்கள்; மெட்டு செவிவழியாகவே வந்தது. ராயேல் 1951-இல் அலபாதோ பற்றி வெளியிட்ட நூலில் மெட்டுகளை இசைக்குறியீட்டில் தந்திருக்கிறார், அருமையான பணி. ஆனாலும் தாளக்கட்டுக்குள் நிற்காமல் இழுத்துப் பாடும் அந்தக் குரல் எங்கே மூச்சு விடுகிறது, கூட்டம் எங்கே சேர்ந்துகொள்கிறது என்பதைத் தாளில் எழுதிக் காட்ட முடியாது. ஒலிப்பதிவு ஒன்றுதான் அதற்குச் சாட்சி.

அந்தச் சாட்சி அழிந்துகொண்டிருக்கிறது. ராயேல் காலத்து வட்டுகளில் அலுமினியத் தகட்டின்மேல் பூசிய அரக்கு, அதில் கலந்த ஆமணக்கெண்ணெய் கசியக் கசியச் சுருங்கி வெடித்து உரியும். 1970களின், 80களின் நாடாக்கள் பலவற்றில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும். அப்படியே ஓட்டினால் துகள் கருவியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மிதமான சூட்டில் மணிக்கணக்காக வைத்தால் கொஞ்ச காலத்துக்கு ஓட்டலாம், அதற்குள் படியெடுத்தாக வேண்டும். நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் கருவியும் உதிரிப் பாகமும் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் அருகிவருகிறார்கள். காந்த நாடாக்களை வழக்கமான முறையில் படியெடுக்கும் வாய்ப்பு 2025 வாக்கில் முடிந்துபோகும் என்று யுனெஸ்கோ தன் எச்சரிக்கைத் திட்டத்தில் சொல்லியிருந்தது. எது சிறந்த பதிவு, எது வேண்டாதது என்று குழு அமைத்துத் தேர்ந்தெடுக்க இப்போது அவகாசம் இல்லை.

இந்தப் பணத்தைப் பழைய நாடாவில் போடுவதைவிட இளைஞர்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எதை வைத்து? பிழைப்பைத் தேடி ஊரைவிட்டுப் போன தலைமுறையோடு பாட்டுச் சங்கிலியும் பல வீடுகளில் அறுந்தது. பள்ளியில் ஸ்பானியம் பேசினால் தண்டனை என்றிருந்த காலம் மிச்சத்தையும் குலைத்தது. பேரன் தன் ஊர் மெட்டைக் கற்க ஆசான் இல்லாத இடத்தில் பதிவுதான் ஆசான். பதிவு மரபை உறையவைத்துவிடும் என்ற அச்சமும் உண்டு. ஒரே ஒரு பதிவு மிஞ்சினால் அது நடக்கலாம். அதுவே ‘சரியான பாடம்’ ஆகிவிடும். ஒரே பாட்டைப் பத்து ஊரில் பத்து விதமாகப் பாடியது கையில் இருந்தால், மாற்றிப் பாடுவதே மரபு என்பது கேட்பவருக்குப் புரியும். ஆகவே இந்த அச்சத்துக்கு மருந்து குறைவான பதிவு அல்ல, நிறைய பதிவு.

நாம் உண்மையாகவே மதிக்கும் ஆட்சேபம் வேறு. வழிபாட்டுப் பாடலை ஊரறிய வைக்க வேண்டுமா? 1888-இல் சார்லஸ் லம்மிஸ் என்ற எழுத்தாளர் பெனிதென்தே சபையின் சிலுவைச் சடங்கைப் புகைப்படம் எடுத்த காலத்திலிருந்தே வெளியாருக்கு வேடிக்கைப் பொருளானவர்கள் அவர்கள். சாந்தா ஃபே பேராயர் சபையை முறைப்படி ஏற்றதே 1947-இல்தான். அவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் படியெடுப்பது ஒரு வேலை, பொதுவில் திறப்பது வேறு வேலை. முதல் வேலையை இன்றே செய்து, இரண்டாவதற்கான சாவியைச் சபையிடமும் பாடியவர் குடும்பத்திடமும் விடலாம். ஊர்ப் பெட்டியிலிருந்து வந்த நாடா, படியோடு அந்த ஊருக்கே திரும்ப வேண்டும். பல்கலைக்கழகம் வைத்துக்கொள்ள வேண்டியது இன்னொரு படி. நிதி ஒதுக்கும்போது கருவிக்கு முன்பாக ஆளுக்கு ஒதுக்குங்கள். நாடாவில் கேட்பது யார் குரல், எந்த வீட்டுக் கல்யாணம், எந்த ஆண்டின் பெரிய வெள்ளி என்று சொல்லத் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கூலி கொடுத்து உட்காரவைத்து, கேட்கச் செய்து, சொல்வதை எழுதிக்கொள்ளும் வேலை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.