முயலுக்குப் பட்டினி வேண்டாம்

அறுவை சிகிச்சை என்றால் முதல் நாள் இரவே பட்டினி. இது நம் எல்லோர் மனத்திலும் ஊறிப்போன விஷயம். குடலிறக்கத்துக்குப் போனாலும் பித்தப்பைக் கல்லுக்குப் போனாலும் இதைச் சொல்லித்தான் அனுப்புவார்கள். நாய்க்கும் பூனைக்கும் அதே விதிதான். முயலுக்கு மட்டும் அது பொருந்தாது. பொருந்தாது என்பதோடு போகாது, ஆபத்தாகவும் முடியும். இது தெரியாமலேயே முயலுக்குத் தேதி கொடுக்கிற இடங்கள் இன்னும் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பட்டினி எதற்கு? மயக்கத்தில் இருக்கும்போது வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அந்தப் பயம்தான் காரணம். ஆனால் முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் இரைப்பை வாயின் அமைப்பு அப்படி. மறுபக்கம் பாருங்கள்: அதன் குடல் இடைவிடாமல் ஓட வேண்டும். புல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் நகரும். பல மணி நேரம் வயிறு காலியாக இருந்தால் குடல் மந்தமாகி, வாயு சேர்ந்து, கடைசியில் நின்றே போகலாம். நின்றுபோன குடல் ஒன்றிரண்டு நாளில் உயிரைக் குடித்துவிடும். ஆகவே மயக்கம் கொடுப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்புவரை அது தின்னலாம். வாயில் தீனி ஒட்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் மல்லி என்று ஒரு பெண்முயல் இருக்கிறது. பெயர் பேத்தி வைத்தது. கருப்பை எடுக்க நாள் குறித்தபோது, முதலில் போன மருத்துவமனையில் ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள். 'இரவு பத்து மணிக்குமேல் உணவு, தண்ணீர் கூடாது' என்று இருந்தது. "இது முயலுக்குமா?" என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் ஒண்ணுதான் சார்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். டாக்டரைப் பார்த்துக் கேட்டேன், அவரும் அதையே சொன்னார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மருமகளுக்குத் தயக்கம். "டாக்டருக்குத் தெரியாதா மாமா?" என்றாள். தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். நாயும் மாடும் பார்த்தே பழகியவருக்கு முயல் அபூர்வம். அது அவர் குற்றமில்லை. ஆனால் விலை கொடுக்கப்போவது மல்லி. இரண்டாவதாகப் போன இடத்தில், நான் கேட்பதற்கு முன்பே, "காலையில் சாப்பிடும் புல்லையும் கூடவே கொண்டுவாருங்கள், கண் விழித்ததும் கொடுக்க வேண்டும்" என்றார் டாக்டர். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அறுவையே தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. இயற்கைக்கு விரோதம் என்பார் ஒருவர். "இதுக்குப் போய் ஆபரேஷனா? வேற முயல் வாங்கிக்கலாமே" என்பார் இன்னொருவர். முதலாமவருக்கு என் பதில்: கூண்டில் தனியாக வளர்ப்பதும் இயற்கை இல்லை. கருப்பை எடுக்காத பெண்முயல்களில், நாலு வயதுக்குமேல், பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் கருப்பைப் புற்றுநோய் வருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆணோடு சேர்த்து வைத்தாலோ, கர்ப்பகாலம் ஒரே மாதம்தான். குட்டி போட்ட அன்றே மறுபடி சினையாகவும் முடியும். இரண்டாமவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. நம் நாட்டில் முயல் பெரும்பாலும் கறிக்கும் ரோமத்துக்கும் வளர்க்கப்பட்ட பிராணி, அதனால் அந்தப் பேச்சு வருகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அறுவையில் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2008இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், மயக்க மருந்து தொடர்பான இறப்பு நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24, முயல்களில் 1.39. உடம்பு நன்றாக இருந்த முயல்களை மட்டும் கணக்கிட்டால் இது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்த இறப்புகளில் பெரும்பகுதி அறுவையின்போது நடந்ததில்லை, அது முடிந்த பிறகு நடந்தது. அதாவது கத்தி வைக்கிறவர் கையில் பாதி இருக்கிறது என்றால், மீதி கண்விழித்த பின்பு பார்த்துக்கொள்கிறவர் கையில் இருக்கிறது. வீட்டுக்கு வந்தபின் அது நாம்தான்.

ஆகையால் தேதி குறிக்கும்போது டாக்டருக்கு வசதியான நாளை மட்டும் பார்த்தால் போதாது. அடுத்த இரண்டு நாளும் வீட்டில் யார் இருப்பார்கள் என்றும் பாருங்கள். எல்லோரும் கல்யாணத்துக்குப் போகிற வாரத்தில் வைக்காதீர்கள். அவசரம் இல்லை என்றால் மார்கழி, தை மாதம் நல்லது. பிரெஞ்சு வழியில் படித்ததால் எனக்கு ஒரு வித்தியாசம் சிறுவயதிலேயே தெரியும். வளை தோண்டி வாழும் முயல் அவர்களுக்கு 'லப்பேன்'. வெட்டவெளியில் ஓடுகிற முயல் 'லியேவ்ர்'. தமிழில் இரண்டையும் முயல் என்றே சொல்லிவிடுகிறோம். கடையில் விற்பது முதல் வகை, ஸ்பெயின் பக்கத்திலிருந்து வந்த வம்சம். நம் காட்டு முயல் தாங்குகிற வெயிலை இது தாங்காது. முப்பது டிகிரிக்கு மேல் போனாலே தவிக்கும். புதுச்சேரியின் சித்திரை வெயிலில் தையல் போட்ட வயிற்றோடு அதை விடுவது பாவம்.

வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டியவை கஷ்டமானவை இல்லை, ஆனால் கண் அசரக் கூடாது. தரையில் மரத்தூள் வேண்டாம், தையலில் ஒட்டும். சுத்தமான துண்டு போதும். மயக்கம் தெளியும்வரை உடம்பு சில்லிடும், கதகதப்பாக வைக்க வேண்டும். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு வாயாவது தின்ன வேண்டும். அருகம்புல், கொத்தமல்லி, புதினா என்று அதற்குப் பிடித்ததை மூக்கின் அருகில் காட்டுங்கள். தின்னாவிட்டால், தீனிக் குச்சிகளை ஊறவைத்துக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். எப்படி என்று டாக்டரிடம் முன்னதாகவே செய்துகாட்டச் சொல்லுங்கள். பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

புழுக்கைதான் முக்கியமான சாட்சி. ஆபீசில் தபால் பதிவேடு எழுதிய பழக்கத்தில், மல்லிக்கும் ஒரு நோட்டு போட்டேன். எத்தனை மணிக்கு என்ன தின்றது, எத்தனை புழுக்கை, பெரிதா சிறிதா என்று எழுதினேன். பேத்தி சிரித்தாள். மறுநாள் டாக்டர் போனில் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அந்த நோட்டில் பதில் இருந்தது.

முயல் வலியைக் காட்டிக்கொள்ளாது, கத்தவும் செய்யாது. குன்றி உட்கார்வது, கண்ணைப் பாதி மூடுவது, பல்லை நறநறவென்று கடிப்பது, இவைதான் அதன் முனகல். வலிக்கு டாக்டர் கொடுத்த மருந்தை நேரம் தவறாமல் கொடுங்கள். வலி இருந்தால் தின்னாது, தின்னாவிட்டால் குடல் நிற்கும். வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரையைக் கையாலும் தொடாதீர்கள். நாம் சாதாரணமாக விழுங்கும் அமாக்சிசிலின், முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகளை அழித்துக் கொல்லக்கூடியது.

மருத்துவமனைகளுக்கு என் கோரிக்கை சின்னது. முயலுக்கென்று தனியாக ஒரு தாள் அச்சடித்து வையுங்கள். நாலு வரி போதும். பட்டினி போடாதீர்கள். பழகிய தீனியைக் கூடவே கொண்டுவாருங்கள். இரண்டு நாள் ஒருவர் கூடவே இருங்கள். தின்னாவிட்டால் உடனே கூப்பிடுங்கள். அதன் கீழே இரவிலும் எடுக்கிற ஒரு போன் நம்பர்.

அந்தத் தாள் வரும்வரை வளர்க்கிறவர்கள் வாய்விட்டுக் கேட்கத்தான் வேண்டும். டாக்டரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று என் தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பேசத் தெரியாத பிராணிக்காகக் கேட்கும்போது அந்த மரியாதையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.