எல்லை தாண்டிய ஏழை

ஜமுனாமரத்தூரின் மலைக்காற்றில் பள்ளி மணி ஒலிக்கிறது. வருகைப் பதிவேட்டை விரிக்கிறோம். பெயர் சொல்லி அழைக்கிறோம், விடை இல்லை. “எங்கே அவன்?” என்றால், “அப்பா அம்மாவோட காப்பித் தோட்டத்துக்குப் போயிட்டான் ஐயா” என்கிறது பக்கத்துப் பிள்ளை. அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டேதான் அன்றைய பாடத்தைத் தொடங்குகிறோம்: இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் - அரசியல் சட்டத்தின் முதல் விதி. நாட்டின் எப்பகுதிக்கும் செல்லலாம், எங்கும் குடியிருக்கலாம் - 19ஆவது விதி. சட்டம் வகுத்த முறையாலன்றி எவருடைய உயிரையும் பறித்தலாகாது - 21ஆவது விதி. பாடம் இனிக்கிறது, பதிவேடு கசக்கிறது!

ஏன் இறங்குகிறான் மலையாளிப் பழங்குடி மகன்? சாமை விளைகிறது, விலை விளையவில்லை. பலாவும் புளியும் தேனும் உண்டு; இலாபம் இடைத்தரகன் மடியில். இதே ஜவ்வாது மலையின் காவலூரில், 1986 முதல், 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இயங்குகிறது. கோடானுகோடி கல் தொலைவிலுள்ள விண்மீனை அது காண்கிறது. காணட்டும், அறிவியலின் வெற்றி அது! ஆனால், கூலி தேடி இருளில் மலையிறங்கும் மனிதனைக் காணும் கண் எந்த ஆட்சிக்கு இருந்தது?

2015 ஏப்ரல் 7. திருப்பதியை அடுத்த சேஷாசலக் காடு. செம்மரக் கடத்தல் தடுப்புப் படையின் துப்பாக்கிகளுக்கு இரையானோர் இருபதின்மர். அத்தனை பேரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர். ஜவ்வாது மலை மக்களும் அவர்களுள் அடங்குவர். கல்லாலும் கோடரியாலும் தாக்கினர், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல் துறை. பிடித்துச் சென்று சுட்டனர் என்று குற்றம் சாட்டினர் மனித உரிமை இயக்கத்தினர். இறந்தோர் குடும்பத்துக்குத் தலா 5 இலட்சம் ரூபாய் இடைக்கால உதவி வழங்கவும், நடுவண் புலனாய்வுத் துறை விசாரிக்கவும் அவ்வாண்டு மே மாதத்தில் பரிந்துரைத்தது தேசிய மனித உரிமை ஆணையம்.

செம்மரத்தை வெட்டுவது குற்றம்; மறுக்கவில்லை நாம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய அரிய மரம் அது, காக்கப்பட வேண்டியதுதான். ஆனால், குற்றத்தை ஆராய நீதிமன்றம் இருக்கிறது; தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. கோடரி பிடித்தவன் கூலிக்காரன். கோடி குவித்தவன் எவன்? அவன் மாளிகையில், இவன் மண்ணுக்குள்! மரத்துக்குள்ள மதிப்பு மனிதனுக்கு இல்லையெனில், ஒன்றியம் என்ற சொல்லுக்குப் பொருள்தான் என்ன?

இந்நோய் இங்கு மட்டுமா? ஐரோப்பிய ஒன்றியத்தைப் பாருங்கள். எல்லைக் காவலை நீக்குவோம் என 1985இல் ஷெங்கன் எனும் சிற்றூரில் கையெழுத்திட்டன ஐந்து நாடுகள். 2015இல் போருக்கு அஞ்சி ஏதிலியர் திரண்டு வந்தபோது, அங்கேரி வேலி எழுப்பிற்று. ஜெர்மனி எல்லைச் சோதனையை மீண்டும் தொடங்கிற்று. குடியேற்ற அச்சத்தைக் கிளறிய பிரச்சாரத்துக்கிடையே, 2016 வாக்கெடுப்பில் பிரிட்டன் விலகலைத் தேர்ந்தது. சரக்கு வந்தால் சந்தை மகிழ்கிறது. மனிதன் வந்தால் கதவு மூடுகிறது! செல்வன் கடந்தால் சுற்றுலா, ஏழை கடந்தால் ஊடுருவல் - இதுதானா பண்பாடு?

தோழர்களே, விரலை வெளியே மட்டும் நீட்டிப் பயனில்லை. திருப்பூர் ஆலையில் நூல் இழுப்பவன் பீகாரி. சென்னையின் மாடிகளுக்குச் செங்கல் சுமப்பவன் ஒரிசாக்காரன். அவனை ‘வடக்கன்’ என்று இழித்துரைக்கும் நாக்கு நம்மிடையே இல்லையா? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று பொய்க் காட்சிகள் பரப்பப்பட்டன. அரசு மறுத்தது, வழக்குகள் பதிந்தது. பீகார் அதிகாரிகள் குழுவே நேரில் வந்து பார்த்தது. அந்தப் பொய்யை முறியடித்தோம், சரி. அந்த ஏளனச் சொல்லை எப்போது முறியடிப்போம்?

இந்தி ஆதிக்கத்தை எதிர்ப்பது வேறு; இந்தி பேசும் ஏழையை வெறுப்பது வேறு. முன்னது தன்மானம், பின்னது தன்மானத்துக்கே இழுக்கு. வெளிமாநிலத் தொழிலாளரைப் பதிவு செய்யவும் படி வழங்கவும் 1979இலேயே சட்டம் இயற்றினர். 2020 ஊரடங்கில், மூட்டையைத் தலையில் சுமந்து நெடுஞ்சாலைகளில் நடந்தவர்களைச் சட்டமா சுமந்தது? அவர்களின் கால்களே சுமந்தன! அன்று அவர்களுக்கு நேர்ந்ததும் சேஷாசலத்தில் நம்மவருக்கு நேர்ந்ததும் ஒரே அலட்சியத்தின் இரு கிளைகள்.

வாக்குச் சீட்டு சொந்த ஊரில், வயிறு அயலூரில். வேலை செய்யும் ஊரில் வாக்கில்லை; வாக்குள்ள ஊரில் வேலையில்லை. கேட்பாரற்ற அவனுக்காகக் குரல் கொடுப்பதே மக்களாட்சி.

எனவே கேட்போம்: மலைவிளைச்சலுக்கு நேர்மையான விலை; மலையில் வேலை; இறங்கியே தீரவேண்டியவனுக்குச் சென்ற ஊரில் பதிவும் பாதுகாப்பும், அவன் பிள்ளைக்குப் பள்ளியில் இடமும். ஆந்திரத்தில் நம்மவனுக்கு எதைக் கேட்கிறோமோ, அதைத் திருப்பூரில் பீகாரிக்கு வழங்குவோம். கொடுக்கத் துணிந்தவனுக்கே கேட்கும் உரிமை!

நாளையும் மணி ஒலிக்கும், பதிவேட்டை விரிப்போம். அந்தப் பெயருக்கு விடை வரும் நாளில்தான், முதல் விதியை நாணமின்றிக் கற்பிப்போம்.